பழைய சாணை யந்திரமும் பாறைநிலத்து எர்த்தும்
(விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில குறிப்புகள்)

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் ஒருமுறை நோக்கியவர், அந்த வட்டாரத்தின் நிலவியல்பை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வர். கருங்கற் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை போல் நிற்கின்றன. செஞ்சியை அடுத்த தொண்டூரிலும், சமண முனிவர்களுக்கெனப் படுக்கைகள் செதுக்கப்பெற்ற பாறைக்குன்று இவ்வியல்புக்குச் சாட்சியாக நிற்கிறது. இத்தகைய நிலத்தில் கிணறு வெட்டுவோர் சில முழத்திலேயே பாறையைக் கண்டு வெடிவைக்க நேர்வதை விவசாயிகள் நன்கு அறிவர். ஆனால் கிணற்றை வருத்தும் அதே பாறை, வீட்டுக் கொட்டகையில் ஓடும் மின்சார யந்திரத்தையும் அதைத் தொடும் ஆளையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்டூரில் நன்செயும் புன்செயுமாகச் சில ஏக்கர் நிலமுள்ள ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி, கரும்பு வெட்டும் கத்தி முதலியவற்றைச் சாணை பிடிப்பதற்காக ஒவ்வொரு முறையும் ஆளனுப்பி ஒருநாள் வேலையை இழப்பதைவிட, அரைக் குதிரைச் சக்தியுள்ள சாணை யந்திரம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பாதி விலைக்கு வாங்கிவருகிறார். கோடைக்காலம் முழுவதும் அது குறையின்றி ஓடுகிறது. ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை ஈரமாகிறது. ஒருநாள் காலை, வெறுங்காலுடன் நின்று யந்திரத்தின் உடலைத் தொட்ட பண்ணையாளுக்குக் கை சுரீரென்று இழுக்கிறது. பியூஸ் போகவில்லை, யந்திரமும் நிற்கவில்லை. இந்நிலையில் அந்தக் குடியானவர் செய்ய வேண்டியது யாது?

ஊரில் சொல்லப்படும் மூன்று வழிகள்

இவருக்கு அக்கம்பக்கத்தார் மூன்று யோசனைகள் சொல்வர். செருப்பணிந்து வேலை செய்யலாம் என்பது ஒன்று. பலகைமேல் நின்றுகொள்ளலாம் என்பது மற்றொன்று. பிளக்கிலுள்ள இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பது மூன்றாவது.

முதல் இரண்டும் பழுதை அப்படியே வைத்துக்கொண்டு அதனுடன் வாழும் வழிகள். செருப்பின்றி வரும் சிறுவனையும், நனைந்துபோன பலகையையும் அவை கணக்கில் கொள்வதில்லை. மூன்றாவது யோசனையால் சில வேளைகளில் ஷாக் குறைவது உண்மையே. மோட்டாரின் சுருளில் ஓரிடத்தில் காப்புறை கெட்டு உடலைத் தொட்டிருந்தால், அவ்விடம் பேஸ் கம்பியின் அருகில் இருக்கும்போது உடலில் வோல்டேஜ் மிகுதியாகத் தெரியும். கம்பிகளை மாற்றியதும் அதே இடம் நியூட்ரலின் அருகில் வந்துவிடும். ஆகவே ஷாக் குறையும். ஆனால் பழுது தீர்ந்தபாடில்லை. அன்றியும், யந்திரத்தின் ஸ்விட்ச் இப்பொழுது நியூட்ரல் கம்பியை மட்டுமே துண்டிக்கும். ஸ்விட்சை அணைத்த பின்னும் மோட்டாருக்குள் மின்சாரம் நிற்கும். முன்னிருந்ததைவிடப் பெரிய அபாயம் இது.

லேசான ஷாக் என்று எதையும் அலட்சியம் செய்யலாகாது. ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் உடலில் பாய்ந்தாலே சுரீரென்று உணர்வு தோன்றும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகிப் பிடித்த பொருளைக் கைவிட இயலாமற் போகும். 30 மில்லி ஆம்பியரைக் கடந்து சற்று நேரம் நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. ஈரமான கையும் காலும் உடைய ஒருவரின் உடல்தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவர் உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். வைகாசியில் உலர்ந்த தரையில் சுரீரென்றது ஐப்பசியில் ஈரத்தரையில் உயிரைக் கொள்ளக்கூடும். யந்திரம் மாறவில்லை, தரைதான் மாறியது.

பழைய யந்திரம் வாங்கலாமா?

வாங்கலாம். 1932 ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர்ச் சீமையில் மின்சாரம் பரவிற்று. 1937 ஆம் ஆண்டில் அந்நகரில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் செய்யப்பட்டது. அதுமுதல் நம் மாகாணத்து மோட்டார்கள் சுருள் மாற்றியும் பேரிங் மாற்றியும் பல ஆண்டுகள் உழைத்து வந்துள்ளன. பழைய மோட்டார் என்பதனாலேயே அது கெட்டதாகிவிடாது. முன்பு வைத்திருந்தவர் அதில் செய்த திருத்தங்களே பெரும்பாலும் கெடுதிக்குக் காரணமாகின்றன. ஆகையால் வாங்குமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. பெயர்த்தகட்டைப் படிக்க வேண்டும். 230 அல்லது 240 வோல்ட், 50 சைக்கிள், சிங்கிள் பேஸ் என்றிருத்தல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் யந்திரத்தை நம் வீட்டு மின்சாரத்தில் நேராக இணைத்தால் சுருள் எரிந்துபோகும்.

2. பிளக்கில் மூன்று முளைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். உலோக உடலுள்ள யந்திரத்தில் இரண்டு முளை பிளக் இருந்தால், யாரோ எர்த் கம்பியை வெட்டிவிட்டார் என்பதே பொருள்.

3. மின்சாரம் இன்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்று மெல்ல நிற்றல் நலம்.

4. கருகிய வாசனை உண்டா என்று காற்றுத்துளையருகே முகர்ந்து பார்க்க வேண்டும். எரிந்த வார்னிஷின் நாற்றத்தை மறைப்பது அரிது.

5. சாணைக்கல்லைக் கழற்றித் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மந்தமான ஒலி விரிசலைக் காட்டும், அக்கல்லை மாட்டலாகாது.

பழுதைத் தேடும் வரிசை

பழுது காண்பதில் முதல் விதி, பிளக்கைப் பிடுங்கி எதிரில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது. ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று எண்ணுவது தவறு. இரண்டாவது விதி, சாணைக்கற்களைக் கழற்றிவிடுவது. மூன்றாவது விதி, யந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நல்லது என்று தெளிந்த பகுதியை ஒதுக்கிக்கொண்டே வருவது. சுருளைக் கட்டக் கொடுத்துப் பணம் செலவழித்த பின்பு, பழுது பிளக்கில் இருந்ததாகக் கண்டு வருந்துவோர் உண்டு. எளிய இடத்திலிருந்து தொடங்குவோருக்கு அந்த நஷ்டம் நேராது.

பிளக்: மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பருத்து நீண்டிருக்கும் முளையே எர்த்துக்குரியது. அது முதலில் சேர்ந்து கடைசியில் பிரியும்படி நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. கம்பியின் நிறத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பழைய முறையில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய முறையில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த். மூன்று பேஸ் இணைப்பிலோ நீலம் பேஸ் கம்பியாகவே வழங்கிவருகிறது. ஆகையால் பழைய யந்திரத்தில் நிறத்தை மட்டும் நம்பாமல், மல்ட்டிமீட்டரால் கம்பியின் இரு முனைகளையும் சோதித்து அறிவதே சரி.

ஒயர்: யந்திரத்துக்குள் நுழையும் இடத்திலும் பிளக்கினுள் நுழையும் இடத்திலும் ஒயர் அடிக்கடி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். வெளியுறை நன்றாயிருக்க எர்த் இழை மட்டும் அறுந்திருப்பதும் உண்டு. அப்பொழுதும் யந்திரம் ஓடும். ஆகவே எவரும் சந்தேகிப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையை எர்த் முளையிலும் மற்றொன்றை யந்திர உடலில் வண்ணம் சுரண்டிய இடத்திலும் வைத்து, ஒயரை இருபுறமும் வளைத்துப் பார்க்க வேண்டும். தடை ஏறக்குறைய இல்லாதிருத்தல் வேண்டும். முள் துள்ளினால் அல்லது எண் நிலையாது மாறினால் அந்த ஒயரை மாற்றிவிடுவதே முறை, ஒட்டுப்போடுதல் ஆகாது.

ஸ்விட்ச்: சாணைத்தூளில் இரும்புத் துகள் மிகுதி. அது ஸ்விட்சினுள் படிந்து, மழைக்காலத்து ஈரத்துடன் சேர்ந்து, உடலுக்கு மின்சாரம் கசிய வழிசெய்கிறது. உலர்ந்த தூரிகையால் தூளை அகற்ற வேண்டும். கருகியிருந்தால் மாற்ற வேண்டும்.

கண்டென்ஸர்: யந்திரம் ஓடாமல் முனகிக்கொண்டே நின்றால் இதனைச் சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இதனுள் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் இரு கம்பிகளையும் அதன் முனைகளில் சிறிது நேரம் வைத்து வெறுமையாக்கிய பின்பே கை வைக்க வேண்டும். புதியது வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள மைக்ரோ ஃபாரட் அளவையும் வோல்ட் அளவையும் ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

சுருள்: மேற்கூறிய யாவும் நன்றாயிருந்தும் ஷாக் தொடர்ந்தால், சுருளின் காப்புறை கெட்டது என்று கொள்ளலாம். இதில் மல்ட்டிமீட்டர் நம்மை ஏமாற்றிவிடும். அது சிறிய பாட்டரியைக் கொண்டு சோதிப்பதால், 230 வோல்ட்டில் கசியும் சுருளையும் நல்லது என்று காட்டக்கூடும். 500 வோல்ட் மெக்கர் என்னும் கருவியால் மின்பணியாளர் சோதித்தல் வேண்டும். சுருளுக்கும் உடலுக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த யந்திரத்தை உபயோகிக்கலாகாது.

குறைந்த அளவு கண்டவுடனே சுருளைக் கட்டக் கொடுக்க வேண்டுவதில்லை. மழையில் நனைந்த கொட்டகையில் கிடந்த மோட்டாரில் ஈரமே காரணமாயிருக்கலாம். மூடியைக் கழற்றி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைக்கலாம். அல்லது மரப்பெட்டிக்குள் வைத்து 100 வாட் குண்டு பல்பை அருகில் எரியவிடலாம். பெட்டியில் காற்று வெளியேறத் துளையிருத்தல் அவசியம். சூடேறத் தொடங்கியதும் மெக்கர் காட்டும் அளவு முன்னிலும் குறையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஈரம் வெளியேறியதும் அது உயரத் தொடங்கும். ஆறிய பின்னும் 1 மெகா ஓமுக்கு மேல் நன்கு நின்றால் பழுது ஈரத்தினால் வந்ததே. உயராமலே நின்றால் சுருள் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

யந்திரம் சூடாகிறது என்ற குறைக்கு வேறொரு காரணமும் உண்டு. மாலையில் வோல்டேஜ் 180 ஆகத் தாழ்ந்தால், மோட்டாரின் சுழற்றும் வலிமை பாதிக்கு அருகில், அதாவது நூற்றுக்கு 61 பங்காகக் குறைந்துவிடும். அந்நேரம் இரும்பைக் கல்லில் அழுத்தினால் மோட்டார் திணறிச் சூடேறும். இது யந்திரத்தின் பழுதன்று. வோல்டேஜ் சரியாயுள்ள வேளையில் வேலை செய்தால் தீரும்.

பியூஸ் ஏன் போகவில்லை?

இனி நாம் எடுத்துக்கொண்ட குடியானவரின் கேள்விக்கு வருவோம். உடலில் மின்சாரம் பாய்ந்தும் பியூஸ் ஏன் போகவில்லை? எர்த் கம்பியும் அறாமல் இருந்தது. வீட்டில் எர்த் குழியும் இருந்தது என்று கொள்வோம். விடை தரைக்கடியில் உள்ளது.

எர்த் குழியில் புதைத்த குழாய் சுற்றியுள்ள மண்ணின் வழியாகவே மின்சாரத்தை விடுகிறது. ஈரமான களிமண் அதற்கு எளிதில் வழிவிடும். பாறையும், உலர்ந்த சரளையும் தடுக்கும். பாறைநிலத்துக் குழியின் தடை 20 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் பேஸ் கம்பி யந்திர உடலைத் தொட்டாலும் 11.5 ஆம்பியர் மட்டுமே பாயும். 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. அக்கம்பி உருக ஏறக்குறைய இரட்டிப்பு மின்னோட்டம் வேண்டும். அதற்கு வழித்தடை 8 ஓமுக்குக் குறைந்திருக்க வேண்டும். கோடையில் மண் உலர்ந்து தடை 100 ஓம் ஆனாலோ பாய்வது 2.3 ஆம்பியரே. யந்திர உடல் முழு வோல்டேஜுடன் நிற்கும். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பியூஸ் மட்டும் போகாது. பியூஸ் என்பது ஒயர் எரியாமல் காக்க ஏற்பட்டது. மனிதனைக் காக்கும் என்று அதை நம்புதல் கூடாது. அடிக்கடி போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றுவோர் ஒயரின் காவலையும் இழந்துவிடுகின்றனர்.

எர்த்தைச் சோதிக்க ஊரில் ஒரு வழக்கம் உண்டு. 100 வாட் பல்பின் ஒரு கம்பியைப் பேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்து, எரிந்தால் எர்த் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்வர். இது தவறான சாட்சி. அந்தப் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். குழியின் தடை 20 ஓம் ஆயினும் பல்பு முழு ஒளியுடன் எரியும். 100 ஓம் ஆனாலும் பல்பில் சுமார் 190 வோல்ட் நிற்கும். வெளிச்சம் சிறிது மங்குமேயன்றி அணையாது. அவ்வளவில் மீதி 40 வோல்ட் எர்த் கம்பியில் ஏறி, அக்கம்பியுடன் சேர்ந்த எல்லா உலோகப் பொருள்களிலும் தோன்றும். எர்த் தடையை அளக்க அதற்குரிய எர்த் மெக்கரே வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் அது உண்டா என்று கேட்டறிந்து வேலை கொடுத்தல் நலம்.

பாறைநிலத்தார் செய்யக்கூடியவை

முதலாவது, எர்த் குழியை வீட்டுச் சுவரோரத்தில் வசதிக்காகத் தோண்டாமல், மண் ஆழமாயும் ஈரமாயும் உள்ள இடத்தில் அமைக்க வேண்டும். கிணற்றுமேட்டின் தாழ்புறம், வாய்க்காலோரம் முதலியன தக்க இடங்கள். சற்றுத் தூரமாயினும் நல்ல கம்பியால் இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இரண்டரை மீட்டர்க் குழாயை முழுதும் செங்குத்தாக இறக்கப் பாறை இடங்கொடாவிட்டால், ஒரு குழியோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று குழிகளைத் தள்ளித் தள்ளி வெட்டி ஒன்றாக இணைக்க வேண்டும். அருகருகே வெட்டினால் பயன் குறையும். குழாயின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

மூன்றாவது, கரியும் உப்பும் இட்ட குழிக்குக் கோடையில் தண்ணீர் விட்டுவர வேண்டும். உப்பு மழையில் கரைந்துபோவதுடன் குழாயையும் அரிக்கும். ஆதலால் பிரதி வருஷமும் கோடையின் நடுவில், மண் மிக உலர்ந்திருக்கும்போது, தடையை அளந்து பார்க்க வேண்டும். மழைக்குப் பின் அளந்தால் உண்மை தெரியாது.

நான்காவதும் தலையாயதும், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு ஸ்விட்சை அமைத்துக்கொள்வது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் தடை 1000 ஓம் ஆயினும் 230 மில்லி ஆம்பியர் கசியுமாதலால் இது செயல்படும். பியூஸ் உறங்கும் பாறைநிலத்தில் விழித்திருக்கும் காவல் இதுவே. ஆயினும் எர்த்துக்கு இது மாற்றாகாது. எர்த் இருந்தால், ஆள் தொடுமுன்பே கசிவைக் கண்டு துண்டிக்கும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் இது காக்காது என்பதையும் மறக்கலாகாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அமாவாசையன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறதி வராது.

சிலர் இந்த ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது என்று தொந்தரவாகக் கருதி அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடுகின்றனர். அது விழுவது யந்திரம் கசிகிறது என்பதற்கான அறிவிப்பாகும். அப்பொழுது மேற்சொன்ன வரிசையில் பழுதைத் தேட வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், நீரேற்று நிலையம், நெல் கொள்முதல் செய்யும் இடம் முதலிய பொதுக் கட்டிடங்களில் எர்த் தடையைக் கோடையில் அளந்து, தேதியும் அளவும் சுவரில் எழுதிவைக்கச் செய்வது நற்பழக்கமாகும். அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம் முதலியவற்றை மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம்.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது இயலாவிடின் உலர்ந்த மரக்கழியால் விலக்க வேண்டும். மூச்சில்லை என்று கண்டால் 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் புதைத்தல் போன்றவற்றில் காலத்தை வீணாக்கலாகாது. ஊருக்கு நால்வரேனும் இதைப் பழகியிருத்தல் நலம்.

முடிவாக, நம் குடியானவர் அந்தச் சாணை யந்திரத்தை விற்றுவிட வேண்டுவதில்லை. அதை அவிழ்த்துப் பார்த்தால் பிளக்கருகில் அறுந்த எர்த் இழையோ, ஸ்விட்சில் படிந்த இரும்புத்தூளோ, ஈரம் ஏறிய சுருளோ காணப்படலாம். அவற்றைத் தீர்க்கச் செலவு அதிகமாகாது. பழுது தீர்ந்தபின் எர்த்தை அளந்து, கசிவு ஸ்விட்சும் வைத்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் ஈரத்தரையில் நிற்கும் பண்ணையாள் பயமின்றி அரிவாளைத் தீட்டலாம். பாதி விலைக்கு வாங்கியதில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுவது, அந்த யந்திரத்தைத் தொடுவோர் அனைவர்க்கும் உடையவர் செய்ய வேண்டிய கடமையாகும்.